வடகடலா, தென்கடலா, கரையா: பாம்பன் தீவில் சிறுபடகு இறக்கும் முன் அலையைக் கணிக்க முழு வழிகாட்டி

ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கம் பொழுதுபோக்காகக் கயாக் ஓட்டுபவர்களுக்கும், துடுப்புப் பலகை ஏறுபவர்களுக்கும், 15 முதல் 18 அடி ஃபைபர் போட்டில் குடும்பத்தோடு கடலுக்குள் போய் வர நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

பல பருவங்களாகப் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு கடலில் இறங்கியிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கரையில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கடல் சும்மாதானே கிடக்கு" என்று இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது கரையோரத்துக் கடல், அதுவும் கிளம்பும் நேரத்துக் கடல். கை ஓய்ந்து திரும்பி வரும்போது அந்தக் கடல் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத்தான். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முந்தைய நாளே தயாராக வேண்டியவை

ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், அதில் கட்டிய விசில். தண்ணீர் புகாத உறையில் சார்ஜ் நிரம்பிய கைபேசி. சின்னத் திசைகாட்டி, கைக்கடிகாரம், தொலைநோக்கி. மோட்டார் போட்டானால் நங்கூரமும் கயிறும், ஒரு ஜோடித் துடுப்பும், முடிந்தால் வி.எச்.எஃப் ரேடியோவும். ரேடியோவில் ஆபத்து அழைப்புக்கு 16-ஆவது சேனல். கைபேசியில் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் பதிந்து வையுங்கள்.

இத்தனைக்கும் மேலாகக் கரையில் ஓர் ஆள் வேண்டும். எங்கே இறங்குகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் அவர் உதவிக்கு அழைக்க வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். கடலுக்குள் சிக்னல் போய்விட்டால் உங்களுக்காகப் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

2. உங்கள் எல்லையை வீட்டிலேயே எழுதுங்கள்

கடற்கரைக்கு வந்தபின் எல்லை போடாதீர்கள். மதுரையிலிருந்து நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர், வாடகை கொடுத்தவர், பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தவர் தன் எல்லையைத் தானே தளர்த்திக்கொள்வார். அது மனித இயல்பு. அதனால் முந்தைய இரவே எண்களாக எழுதி, கூட வருபவர்களிடம் வாசித்துக் காட்டிவிடுங்கள்.

என் கணக்கு இது. முதல் ஐந்தாறு தடவை மட்டும் கயாக் ஓட்டியவருக்குக் காற்று 8 நாட், திடீர் வீச்சு 12 நாட், அலை 0.4 மீட்டர். கவிழ்ந்தால் தானே மீண்டும் ஏறத் தெரிந்தவருக்குக் காற்று 12, வீச்சு 18, அலை 0.8 மீட்டர். ஓட்டத் தெரிந்தவர் கையில் உள்ள 18 அடி ஃபைபர் போட்டுக்குக் காற்று 15, அலை 1 மீட்டர். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். குழுவில் யார் திறமை குறைவோ, அவருடைய எண்தான் குழுவின் எண்.

இன்னொன்றும் அன்றிரவே பேசி முடியுங்கள். யார் "வேண்டாம்" என்றாலும் பயணம் ரத்து, காரணம் கேட்கக்கூடாது. இப்படிச் சொல்லி வைக்காவிட்டால், பயந்தவர் வெட்கப்பட்டுக்கொண்டு கூடவே வந்துவிடுவார்.

3. பருவத்தைப் பார்த்துப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தத் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் வடகடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். ஒரு பக்கம் கொந்தளிக்கும் மாதங்களில் மறுபக்கம் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான். தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, தென்கடலைக் கிளப்பிவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை. வடகிழக்குக் காற்று வடகடலை நேரே அடிக்கும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் இரு பக்கமும் சாந்தமான நாட்கள் அதிகம். புதியவர்கள் முதல் தடவை வருவதற்கு இந்த மூன்று மாதங்களைத்தான் சொல்வேன்.

இரு கடலின் அலையும் ஒரே மாதிரி இருக்காது. வடகடல் ஆழம் குறைந்தது. காற்று எடுத்தால் குட்டையான, செங்குத்தான அலைகள் அடுத்தடுத்து வந்து படகைக் குலுக்கும். காற்று நின்றால் சீக்கிரம் அடங்கியும் விடும். தென்கடல் ஆழமானது, இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்திருப்பது. எங்கோ தொலைவில் பிறந்த அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து சேரும்.

அடுத்து வரும் பிழையில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். கச்சான் காலத்தில் அரியமான் போன்ற வடகடல் கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். காரணம், காற்று உங்கள் முதுகுப் பக்கம், நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையோரத்தில் அலை எழும்ப அதற்குத் தூரம் போதவில்லை. 200 மீட்டர் உள்ளே போனால் சிற்றலை, ஒரு கிலோமீட்டரில் வெள்ளை நுரை. போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போகும், சுகமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும்.

ஆரம்ப காலத்தில் நானும் இரண்டு புதியவர்களை அப்படித்தான் கூட்டிப் போனேன். இருபது நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பிக் கடக்க ஒரு மணி நேரம் போராடினோம். ஒருவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. வத்தை என்னும் சிறு நாட்டுப்படகில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கயிறு போட்டுக் கரை சேர்த்தார். அன்றிலிருந்து நிலத்திலிருந்து வீசும் காற்றுக்கு என் எல்லையைப் பாதியாக்கிவிட்டேன். 12 நாட் என்று இருந்தால் 6 நாட். கரையை ஒட்டி, நெஞ்சளவுத் தண்ணீரில் மட்டும் ஓட்டினால் அந்தத் தட்டைக் கடல் பயிற்சிக்கு நல்ல இடம்தான்.

4. எச்சரிக்கையை முதலில் பாருங்கள், முன்னறிவிப்பைப் பிறகு

பலர் நேரே விண்டி (Windy) என்ற வானிலைச் செயலியைத் திறந்து வண்ணப் படத்தைப் பார்க்கிறார்கள். அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றில் ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தாலும் அன்றைக்கு வேலை முடிந்தது, மேலே எந்த எண்ணையும் பார்க்கத் தேவையில்லை.

ஒன்று, இந்திய வானிலை ஆய்வு மையம் மன்னார் வளைகுடாவுக்கோ பாக் நீரிணைக்கோ மீனவர் எச்சரிக்கை கொடுத்திருக்கிறதா? பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால், அது 1-ஆம் எண்ணாக இருந்தாலும் இதற்குள் அடக்கம்.

இரண்டு, மீன்வளத் துறை விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போகும் டோக்கனை (அனுமதிச் சீட்டை) நிறுத்தியிருக்கிறதா? ஐம்பது அடிப் படகுக்கு வேண்டாம் என்று சொன்ன கடலில் பத்து அடிக் கயாக்குக்கு இடமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் மட்டும் இந்த அடையாளம் உதவாது. அப்போது விசைப்படகுகள் வேறு காரணத்துக்காகக் கட்டிக் கிடக்கும்.

மூன்று, ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (INCOIS) கடல் தகவல் மையம் உயர் அலை எச்சரிக்கையோ கள்ளக்கடல் எச்சரிக்கையோ விட்டிருக்கிறதா? கள்ளக்கடல் என்பது இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் கிளப்பிய அலை, நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் ஏறுவது. இங்கே வானம் தெளிவாக இருக்கும், இலை அசையாது, கடல் மட்டும் திடீரென்று ஏறி அடிக்கும். 2024 மே மாதம் அப்படியொரு எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அவர்கள் படகில்கூட இல்லை, கரையோரம் நின்றவர்கள். காற்று இல்லை என்பதை மட்டும் வைத்துத் தென்கடலை நம்பாதீர்கள்.

5. காற்றை மணிவாரியாகப் படியுங்கள்

மூன்றும் "இல்லை" என்றால் இப்போது செயலியைத் திறக்கலாம். முதலில் காற்று, பிறகு அலை. நம்மூர் வடகடலில் அலையை உண்டாக்குவதே காற்றுதான் என்பதால், காற்று மாறினால் அலை எண் தானாகப் பழசாகிவிடும்.

நாள் சராசரியைப் பார்க்காதீர்கள், மணிவாரியாகப் பாருங்கள். நிலம் சூடேற ஏறக் கடற்காற்று எடுக்கும். விடியற்காலை 4 நாட் இருந்தது 11 மணிக்கு 12 ஆகி, பிற்பகல் 16-ஐத் தொடுவது இங்கே சாதாரணம். காற்று இரண்டு மடங்கானால் அது படகின் மேல் கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். எண்ணில் சின்னதாகத் தெரியும் ஏற்றம் கைக்குப் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

வீச்சு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். சராசரி 9, வீச்சு 20 என்று காட்டினால் அது 9 நாட் நாளே அல்ல. செயலியில் இரண்டு மூன்று கணிப்பு மாதிரிகள் இருக்கும், மாற்றி மாற்றிப் பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் மோசமாகச் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

திசையில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். "தென்மேற்குக் காற்று" என்றால் தென்மேற்கிலிருந்து வருவது. படத்தில் அம்பு வடகிழக்கை நோக்கிப் பறக்கும். அம்பின் முனையைப் பார்த்து "வடகிழக்குக் காற்று" என்று வாசித்து, தவறான பக்கம் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

6. அலை உயரம் பாதிக் கதை, இடைவெளி மீதிக் கதை

முன்னறிவிப்பில் வரும் அலை உயரம் எல்லா அலையின் உயரமும் அல்ல. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. 0.6 மீட்டர் என்று போட்டிருந்தால், நூறு அலையில் ஒன்று ஏறக்குறைய 0.9 மீட்டர் வரும். சில மணி நேரம் கடலில் இருந்தால் இரண்டு மடங்கை நெருங்கும் அலை ஒன்றையும் சந்திப்பீர்கள். நான்கு விநாடிக்கு ஓர் அலை வரும் கடலில் நூறு அலை கடக்க ஏழு நிமிடம்கூட ஆகாது. ஆகவே எழுதியிருக்கும் எண்ணை ஒன்றரையால் பெருக்கி, "அந்த அலை பக்கவாட்டில் வந்தால் தாங்குவேனா" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடைவெளி. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே எத்தனை விநாடி என்பது. ஆழ்கடலில் அலையின் நீளத்தை எளிதாகக் கணக்கிடலாம்: விநாடியை விநாடியால் பெருக்கி, அதை 1.56 ஆல் பெருக்கினால் மீட்டரில் நீளம் கிடைக்கும். 4 விநாடி அலை 25 மீட்டர் நீளம். 12 விநாடி அலை சுமார் 225 மீட்டர். ஒரு மீட்டர் உயரத்தை 25 மீட்டருக்குள் ஏறி இறங்குவது குண்டும் குழியுமான சாலை. அதே உயரத்தை 225 மீட்டரில் ஏறி இறங்குவது மெல்லிய மேடு, நடுக்கடலில் தூக்கி வைத்ததுகூடத் தெரியாது.

இதை வைத்து "நீளமான அலை நல்ல அலை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நடுக்கடலில் சாதுவாக இருக்கும் அந்த நீள அலைதான் கரைக்கு வரும்போது அடி தரையில் உரசி, நிமிர்ந்து, முழு வேகத்தில் உடையும். தண்ணீரின் ஆழம் அலை உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடைகிறது. ஒரு மீட்டர் அலை 1.3 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பாரின் (கடலடித் திட்டின்) மேல் வந்தால் அங்கேயே சுருண்டு விழும். தென்கடலில் பவளப் பார்கள் இருப்பதால் கரையிலிருந்து தள்ளியும் இது நடக்கும்.

சுருக்கமான கை விதி: இடைவெளி 5 விநாடிக்குக் கீழே இருந்தால் ஓட்டும்போது கஷ்டம், 10-க்கு மேலே இருந்தால் இறங்கும்போதும் ஏறும்போதும் கஷ்டம். 12-ஐத் தாண்டினால் உயரம் அரை மீட்டர் என்று போட்டிருந்தாலும் தென்கடலில் நான் புதியவர்களை இறக்குவதில்லை.

7. நீவாட்டைக் கணக்கில் சேருங்கள்

நீரோட்டத்தை மீனவர்கள் நீவாடு என்பார்கள். இங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் பாம்பன் கால்வாய் போன்ற குறுகிய வாய் வழியே இரு கடலின் நீர் இடம் மாறும்போது ஓட்டம் வேகமெடுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடும்.

கயாக்கில் புதியவரின் வேகம் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர். எதிரே இரண்டு நாட் ஓட்டம் என்றால் அதில் 3.7 கிலோமீட்டர் கழிந்துவிடும். துடுப்பு போட்டுக்கொண்டே நின்ற இடத்தில் நிற்பீர்கள். காற்றும் ஓட்டமும் எதிரெதிராக வரும் இடத்தில் அலை நெருங்கி நிமிர்ந்துகொள்ளும், முன்னறிவிப்பு எண் அங்கே செல்லாது. பாம்பன் பாலத்தடியும் தனுஷ்கோடி அரிச்சல்முனையும் பொழுதுபோக்குப் படகுக்கு உரிய இடங்கள் அல்ல. எவ்வளவு அமைதியான நாளாக இருந்தாலும் அங்கே நான் போவதில்லை.

ஒதுங்கும் இடத்தையும் இப்போதே யோசியுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது. "காற்று எடுத்தால் தீவில் ஒதுங்கிக்கொள்ளலாம்" என்று திட்டம் போடாதீர்கள். வடகடலில் இலங்கையுடனான எல்லைக்கோடும் இருக்கிறது, காற்றோடு மிதந்து போவது வெறும் அலுப்போடு முடியாது.

8. திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மணிவாரிக் காற்றில் உங்கள் எல்லையைத் தொடும் மணியைக் குறியுங்கள். 11 மணி என்று வைத்துக்கொள்வோம். கணிப்பு முன்பின் ஆகலாம் என்பதற்காக இரண்டு மணி நேரம் கழியுங்கள். 9 மணிக்குப் படகு மணலில் இருக்க வேண்டும். திரும்பி வரப் போன நேரத்தின் இரண்டு மடங்கு ஆகும் என்று கொள்ளுங்கள். 6 மணிக்கு இறங்கினால் 7 மணிக்கு, எங்கே இருந்தாலும், திரும்ப வேண்டும்.

அந்த 7 மணியைக் கைக்கடிகாரத்தில் அலாரமாக வையுங்கள். "அந்த மிதவை வரைக்கும் போய்த் திரும்பலாம்" என்று இடத்தை எல்லையாக வைப்பவர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் திரும்புகிறார்கள். இடம் கண்ணெதிரே தெரிந்துகொண்டே இருக்கும், விட மனம் வராது.

9. கரையில் இருபது நிமிடம் நில்லுங்கள்

வந்ததும் படகை இறக்காதீர்கள். அலைகள் கூட்டமாக வரும். பத்து நிமிடம் சின்னதாக வந்துவிட்டு, பிறகு நாலைந்து பெரியவை சேர்ந்து வரும். ஐந்து நிமிடம் மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் கூட்டம் தெரியாமலே போகலாம்.

இடைவெளியை நீங்களே அளக்கலாம். வலை மிதவை ஒன்றைக் குறி வையுங்கள். அது முகட்டில் ஏறும்போது பூஜ்யம் என்று தொடங்கி, பத்தாவது முறை ஏறும்போது நேரத்தைப் பார்த்துப் பத்தால் வகுங்கள். முன்னறிவிப்பு 4 விநாடி என்று சொல்லி, கண்ணெதிரே 11 வந்தால், கணிப்பில் இல்லாத தொலைதூர அலை வந்துகொண்டிருக்கிறது.

உயரத்துக்கு, தண்ணீர் விளிம்பில் நின்று மெல்லக் குனியுங்கள். உடையும் அலையின் முகடு அடிவானத்தைத் தொடுவது போலத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். உங்கள் கண் காலடித் தண்ணீர் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதுதான் அலையின் உயரம். வெறும் கண்ணால் மதிப்பிட்டால் புதியவர்களுக்கு எளிதில் பிசகும்.

பிறகு தொலைநோக்கியில் அடிவானத்தைப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் நல்லது. ரம்பப் பல் போலக் கரடுமுரடாக இருந்தால், கரையில் தெரியாத அலை உள்ளே இருக்கிறது. அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் காற்று 7 முதல் 10 நாட், எங்கு பார்த்தாலும் நுரை என்றால் 11-க்கு மேல். நிலத்துக் காற்று வீசும் நாளில் அலையின் முதுகுதான் நம் பக்கம் இருக்கும், நுரை கண்ணுக்கு மறைந்துவிடும். அதனால்தான் அடிவானத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

வானத்தையும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். கோடை மாதங்களிலும் அக்டோபரிலும் நிலத்தின் மேல் கோபுரமாக எழும் மேகம் திடீர்க் காற்றைக் கொண்டுவரும். இடிச் சத்தம் கேட்டாலே கரையில் இருங்கள்.

10. மீனவரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

"அண்ணே, கடலுக்குப் போகலாமா?" என்று கேட்டால், "போகலாமே தம்பி" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தன் வள்ளத்தையும் தன் நாற்பது வருடக் கையையும் மனதில் வைத்துச் சொல்கிறார்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "இன்னைக்கு நீங்க எத்தன மணிக்குக் கரைக்கு வருவீங்கண்ணே?" "மத்தியானம் காத்து எந்தப் பக்கம் திரும்பும்?" "நீவாடு எப்படிக் கிடக்கு?" கடைசியாக உங்கள் கயாக்கைக் காட்டி, "இதுல உங்க வீட்டுப் பிள்ளைய அனுப்புவீங்களா?" இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் யோசித்தாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வழக்கமாகத் தண்ணீரோரம் கிடக்கும் வத்தைகள் அன்று மேட்டில் ஏற்றிக் கட்டியிருந்தாலும் ஏன் என்று கேட்காமல் இறங்காதீர்கள்.

11. இறங்கியபின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதனை

முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். தெம்பு இருக்கும்போது கஷ்டமான பாதியை முடித்துவிட்டால், களைப்பில் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும். காற்று நிலத்திலிருந்து நேரே கடலுக்கு வீசினால் இந்த வழி கிடையாது, கரையை ஒட்டித்தான் ஓட்ட வேண்டும்.

பத்து நிமிடம் கழித்து நின்று கரையைத் திரும்பிப் பாருங்கள். ஒரு தென்னையும் அதன் பின்னால் உள்ள கோபுரமோ டவரோ ஒரே நேர்கோட்டில் வரும்படி குறி வைத்திருங்கள். துடுப்பு போடாமல் ஒரு நிமிடம் இருந்து, குறி எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்த்தால் நீவாடும் காற்றும் எங்கே இழுக்கின்றன என்பது தெரியும். அப்படியே படகைத் திருப்பி இருபது முறை கரையை நோக்கித் துடுப்பு போட்டுப் பாருங்கள். கஷ்டமாக இருந்தால் பயணம் அங்கேயே முடிந்தது.

முதல் வெள்ளை நுரை, குழுவில் பேச்சு நின்றுபோவது, யாராவது ஒருவர் பின்தங்குவது, காற்று திசை மாறுவது: இதில் எது நடந்தாலும் அலாரத்துக்குக் காத்திராமல் திரும்புங்கள். கவிழ்ந்துவிட்டால் படகை விட்டு நீந்தாதீர்கள். கயாக் பெரிய மிதவை, தேடுபவர் கண்ணுக்கும் அதுதான் முதலில் படும்.

கரை ஏறும்போது அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று பெரிய கூட்டம் ஒன்றைக் கடக்க விடுங்கள். கடைசிப் பெரிய அலையின் முதுகைப் பிடித்து நேராக உள்ளே வாருங்கள். மூக்கு பக்கவாட்டில் திரும்பினால் உருட்டிவிடும். இறங்கும்போது படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்காதீர்கள். தண்ணீர் நிரம்பிய கயாக்கை அலை தள்ளினால் முழங்கால் தாங்காது.

12. அன்றே எழுதி வையுங்கள்

கரையில் காத்திருந்தவருக்கு முதலில் சொல்லிவிட்டு, ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: முன்னறிவிப்பு சொன்னது, கரையில் அளந்தது, உள்ளே பார்த்தது, காற்று எடுத்த மணி. என் நோட்டில் ஒரு மார்ச் மாதப் பக்கம் இப்படி இருக்கிறது: "வடகடல். சொன்னது 6 நாட், 0.3 மீட்டர். கரையில் 3 விநாடி. 8.40-க்கே கிழக்கே நுரை. 11 மணிக்கு என்று சொன்ன காற்று 9.15-க்கு எடுத்தது. நாங்கள் 8.55-க்கு மணலில்." எட்டாவது படியில் இரண்டு மணி நேரம் கழிக்கச் சொன்னது இந்த மாதிரிப் பக்கங்களை வைத்துத்தான். உங்கள் கரைக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதை இருபது பயணம் எழுதிய பிறகு உங்கள் நோட்டே காட்டிவிடும்.